கறுப்பு மணல் எல்லாம் எரிமலை மணல் அல்ல

கடந்த மாரியில் என் மீன் தொட்டியின் பில்டர் மூன்று தடவை நின்றது. முதல் தடவை மின்சாரம் போய் வந்ததால் என்று நினைத்தேன். இரண்டாம் தடவை பில்டரை விற்ற கடைக்காரரை மனதுக்குள் திட்டினேன். மூன்றாம் தடவை விடிய எழும்பிப் பார்த்தபோது நான்கு கப்பி மீன்கள் மேலே மிதந்தன. சிறிய தொட்டிக்குள் அளவுக்கு அதிகமாக மீன் விட்டிருந்தேன். காற்றுக் குழாயும் போட்டிருக்கவில்லை. பிழை என்னுடையதுதான்.

மோட்டாரைக் கழற்றி, உள்ளே சுழலும் விரல் நுனி அளவான காந்தத் துண்டை வெளியே எடுத்தேன். அதைச் சுற்றி மயிர் முளைத்ததுபோலக் கறுப்பு மணல் ஒட்டிக்கொண்டிருந்தது. தொட்டியின் அடியில் நான் பரப்பியிருந்த அதே மணல். 'எரிமலை மணல், வெளிநாட்டிலிருந்து வருவது' என்று சொல்லி, பெயரோ முகவரியோ அச்சிடாத ஒரு பொலித்தீன் பையில் எனக்கு விற்கப்பட்டது அது.

அந்தக் கிழமை பெரியம்மா கண் கிளினிக்குக்காக யாழ்ப்பாணம் வந்து எங்கள் வீட்டில் நின்றார். நான் கிணற்றடியில் வாளிக்குள் மணலைக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து குந்தினார். ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.

"இது எங்கட கரை மண்ணெல்லே. ஆர் பிள்ளை உனக்கு வித்தது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. எரிமலை மணல் என்று விளங்கப்படுத்தினேன். அவர் கேட்கவில்லை. "எரிமலையோ? கையிலை எடுத்தாத் தெரியாதே, இந்தப் பாரம் வேறை எந்த மண்ணுக்கு இருக்கு? மத்தியானத்திலை கால் வைக்கேலாது, அப்பிடிக் கொதிக்கும்."

பெரியம்மா கொக்கிளாயில் பிறந்தவர். 1984 டிசெம்பரில் அந்தக் கரையோரக் கிராமங்களிலிருந்து சனம் வெளியேற்றப்பட்டபோது அவருக்குப் பத்தொன்பது வயது. அதன்பின்னர் முப்பது வருடங்களுக்குக் கிட்ட அவர் அந்த மணலை மிதிக்கவில்லை. ஆனாலும் கையில் எடுத்தவுடன் சொல்லிவிட்டார். ஊடகக் கற்கையில் பட்டம் பெற்ற நான், பையில் சொன்னதை அப்படியே நம்பியிருந்தேன்.

அவர் சொன்னது சரியா என்று பார்க்க ஆய்வுகூடம் தேவைப்படவில்லை. மீன் தொட்டிக்குக் கறுப்பு மணல் வாங்குகிற எவரும் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள்தான். முதலாவது நிறை. ஒரு ஜாம் போத்தலில் உலர்ந்த ஆற்று மணலை விளிம்புவரை நிரப்பி நிறுத்தேன். அறுநூற்றைம்பது கிராம் அளவில் வந்தது. அதே போத்தலில் இந்தக் கறுப்பு மணலைப் போட்டு நிறுத்தபோது ஒரு கிலோவைத் தாண்டிவிட்டது. காரணம் எளிமையானது. ஆற்று மணலின் பெரும்பகுதியான குவார்ட்ஸ், அதே கனவளவு நீரைவிட 2.65 மடங்கு பாரமானது. எரிமலைக் குழம்பு இறுகி வரும் பசோல்ற் கல் ஏறக்குறைய 3 மடங்கு. ஆகவே உண்மையான எரிமலை மணல் ஆற்று மணலைவிடக் கொஞ்சந்தான் கூடுதலாக நிறுக்கும். கண்ணாடித் தன்மையான, நுண்துளைகள் உள்ள வகை என்றால் குறையக்கூட நிறுக்கும். இல்மனைற் என்ற கனியமோ 4.7 மடங்கு. போத்தலைத் தூக்கும்போதே வித்தியாசம் தெரியும்.

இரண்டாவது சோதனை காந்தம். இதில் அவசரப்படக்கூடாது. எரிமலை மணலிலும் மக்னடைற் என்ற இரும்புக் கனியம் கலந்திருப்பதுண்டு. அந்த மணிகள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் சாதாரண காந்தத்துக்கே பாய்ந்து வரும். இல்மனைற் அப்படியல்ல. அது காந்தத்துக்குச் சோம்பலாகத்தான் அசையும், பழைய ஸ்பீக்கரிலிருந்து அல்லது ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கழற்றிய பலமான காந்தம் வேண்டும். அத்தகைய காந்தத்தைப் பொலித்தீனால் சுற்றி மணலுக்குள் விட்டு எடுத்தேன். முக்கால்வாசி மணல் ஏறி வந்தது. ஒட்டாமல் மிஞ்சியதில்தான் சுவாரசியம் இருந்தது. கைபேசிக் கமராவுக்கு முன்னால் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தேன். நிறமில்லாத பளபளப்பான மணிகள், கருஞ்சிவப்பு மணிகள், இடையிடையே மாதுளம் முத்துப்போன்ற இளஞ்சிவப்பு. அநேகமானவை விளிம்பு தேய்ந்து உருண்டிருந்தன. எரிமலை மணல் இப்படி இருக்காது. அதன் மணிகள் உடைந்த போத்தல் துண்டுபோலக் கூராகவும், பல இடங்களில் குமிழி வெடித்த குழியோடும் இருக்கும்.

எரிமலை மணல் உருவாகும் விதமே அதற்குக் காரணம். ஆயிரம் பாகை செல்சியஸை அண்மித்த அல்லது அதைத் தாண்டிய வெப்பத்தில் குழம்பு கடலுக்குள் இறங்கும்போது சடுதியாகக் குளிர்ந்து சிதறுகிறது. சூடான கண்ணாடிக் குவளைக்குள் குளிர்ந்த நீரை ஊற்றினால் நடப்பது போன்றது அது. அலை அந்தத் துண்டுகளை அரைத்துக் கரையில் சேர்க்கிறது. இதற்கு நூற்றாண்டுகள் வேண்டியதில்லை. ஹவாயில் 2018ஆம் ஆண்டு கிளாவேயா எரிமலை வெடித்தபோது, பொஹோய்கி என்ற இடத்தில் சில மாதங்களுக்குள் முன்பு இல்லாத ஒரு கறுப்புக் கடற்கரை தோன்றிவிட்டது. ஐஸ்லாந்தின் ரெய்னிஸ்ஃபியாரா, ஹவாயின் புனாலுஉ போன்ற கரைகளின் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து மணலை எடுத்துவர யாரும் நினைக்க வேண்டாம். ஹவாயில் கடற்கரை மணலை அள்ளுவது சட்டப்படி குற்றம். கற்களைக் கொண்டுபோனவர்கள் பின்னர் கெட்டகாலம் பிடித்துவிட்டதென்று பயந்து தபாலில் திருப்பி அனுப்பும் கதைகளும் அங்கே உண்டு.

இலங்கையில் எரிமலை இல்லை. எங்கள் மலைநாட்டுப் பாறைகள் நிலத்தின் ஆழத்தில் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறிய, உலகின் மிகப் பழைய பாறை வகைகளைச் சேர்ந்தவை. அவை உக்கி உதிர்ந்து ஆறுகளால் கிழக்குக் கரைக்கு வந்து சேர்கின்றன. மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கிறது, யான் ஓயா புல்மோட்டைக்குத் தெற்கே கடலைச் சேர்கிறது. பிறகு கடலின் வேலை. வாடைக் காலத்து அலை கரையில் மோதித் திரும்பும்போது பாரம் குறைந்த குவார்ட்ஸை இழுத்துக்கொண்டு போகிறது, பாரமானது கரையிலேயே தங்குகிறது. சுளகில் அரிசி புடைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டியதில்லை. இப்படிப் புடைத்துப் புடைத்துச் சேர்ந்ததுதான் புல்மோட்டை முதல் கொக்கிளாய்ப் பக்கம் வரையிலான கறுப்புக் கரை. அதில் பெரும்பகுதி இல்மனைற். கூடவே ரூற்றைல், சிர்க்கோன், கார்னெற், சிறிதளவு மொனசைற். நான் உருப்பெருக்கியில் கண்ட நிறங்கள் இவைதான். எரிமலை மணல் சில மாதத்துக் குழந்தை என்றால், பெரியம்மாவின் கையிலிருந்த மணிகள் பல கோடி வருடத்துக் கிழவிகள்.

என் பில்டர் மோட்டார் அறியாமல் செய்த வேலையைத்தான் புல்மோட்டைத் தொழிற்சாலை பெரிய அளவில் செய்கிறது. இலங்கை கனிய மணல் கூட்டுத்தாபனம் 1957இல் உருவாக்கப்பட்டது. இன்று அது லங்கா மினரல் சாண்ட்ஸ் என்ற அரச கம்பனி. அள்ளிய மணலைக் காந்தங்களுக்கு ஊடாகச் செலுத்தினால் இல்மனைற் ஒரு பக்கம் போகும், மற்றவை வேறு முறைகளால் பிரிக்கப்படும். பின்னர் அவை பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறும். 1997 செப்டெம்பரில் புல்மோட்டைக் கடலில் விடுதலைப் புலிகளின் தாக்குதலுக்கு உள்ளான 'கோர்டியாலிற்றி' என்ற கப்பல் ஏற்றிக்கொண்டிருந்ததும் இல்மனைற்தான். இந்தக் கறுப்பு மணலிலிருந்து எடுக்கப்படும் தைத்தானியம் ஒட்சைட்டு உலகில் மிக அதிகமாகப் பயன்படும் வெள்ளை நிறப்பொருள் என்பதை நான் இந்தத் தேடலில்தான் சரியாக அறிந்தேன். சுவர்ப் பூச்சு, கடதாசி, பிளாஸ்ரிக், பற்பசை எல்லாவற்றிலும் அது இருக்கிறது. என் தொட்டிக்குப் பின்னாலிருக்கும் வெள்ளைச் சுவரும் அதனால் வெளுத்ததாகவே இருக்கும்.

சரி, இந்த மணலை மீன் தொட்டிக்குப் போடலாமா? நேர்மையாகச் சொன்னால் இல்மனைற் நன்னீரில் இலகுவில் கரையாது, நீரின் தன்மையை மாற்றாது. அந்த வகையில் கடற்கரை வெள்ளை மணலைவிட அது நல்லது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கரை மணலில் சிப்பித் தூளும் பவளத் தூளும் கலந்திருக்கும். ஒரு தேக்கரண்டி வினாகிரி விட்டால் நுரைக்கும். ஏற்கனவே சுண்ணக்கல்லுக்குள்ளால் வரும் எங்கள் கிணற்று நீர் வன்நீர். அதற்குள் அந்த மணலையும் போட்டால் நியோன் ரெட்ரா போன்ற மென்நீர் மீன்கள் நிலைக்காது. கப்பிக்கும் மொலிக்கும் அது பிரச்சினையில்லை.

கறுப்புக் கரை மணலின் தொல்லைகள் வேறு. காந்தத் தொல்லையை நான் நான்கு மீன் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். பம்பிகளின் சுழலி காந்தத்தால் ஆனது. நீரோட்டத்தில் எழும்பும் நுண்மணிகளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். கண்ணாடி துடைக்கும் காந்தத் துடைப்பானிலும் அது ஒட்டும். தெரியாமல் துடைத்தால் கண்ணாடி முழுக்கக் கீறல். இந்த இரண்டும் மக்னடைற் கூடிய எரிமலை மணலுக்கும் பொருந்தும் என்பதால், எந்தக் கறுப்பு மணலை வாங்கும்போதும் காந்தத்தைக் கையோடு கொண்டுபோவது நல்லது. அடுத்தது பாரம். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள தொட்டியில் இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்ப ஒன்பது லீற்றர் மணல் வேண்டும். ஆற்று மணல் என்றால் பதினான்கு கிலோ, இது என்றால் இருபத்து மூன்றைத் தாண்டும். மேசையை யோசித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, மணிகள் சீனியைவிட மிக நுண்ணியவை. இறுகிப் படிந்துவிடும். இடையில் ஒட்சிசன் போகாத இடங்களில் கழிவு அழுகி ஐதரசன் சல்பைட்டு உருவாகும். கிளறும்போது கூழ்முட்டை மணம் வந்தால் அதுதான். எங்கள் குளங்களில் தாராளமாகக் கிடைக்கும் கூம்பு வடிவ நத்தைகளை விட்டால் அவை மணலுக்குள் புகுந்து கிளறிக்கொடுக்கும். ஆனால் உயரத்தை ஓரங்குலத்தோடு நிறுத்துவதே சுலபமான வழி.

மொனசைற் பற்றியும் சொல்லவேண்டும். அதில் தோரியம் என்ற கதிரியக்க மூலகம் இருக்கிறது. கேரளத்தின் சவரா, தமிழ்நாட்டின் மணவாளக்குறிச்சி ஆகிய கரைகளில் இயற்கைக் கதிர்வீச்சு கூடுதலாக இருப்பதற்கு அதுவே காரணம். புல்மோட்டை மணலில் அதன் பங்கு மிகக் குறைவு. நீருக்கு அடியில் கிடக்கும்வரை தூசியும் எழும்பாது. பயமுறுத்துவது என் நோக்கமல்ல. ஆனால் உலர்ந்த மணலை வீட்டுக்குள் அரிப்பதும், பிள்ளைகளை அதில் விளையாடவிடுவதும் தேவையில்லாத வேலை. எங்கிருந்து வந்தது என்று எழுதாத ஒரு பையில் இந்தத் தகவல் எதுவும் இருக்காது என்பதுதான் எனக்குக் கோபம்.

இவ்வளவு தொல்லைக்கும் கறுப்பு அடித்தளத்தை ஏன் விரும்புகிறார்கள்? அழகு மட்டுமல்ல. மீனின் தோலில் நிறத்துணிக்கைகள் கொண்ட கலங்கள் உண்டு. மேலிருந்து வரும் ஒளியையும் கீழிருந்து தெறிக்கும் ஒளியையும் மீனின் கண் ஒப்பிட்டுக்கொள்கிறது. அடி வெளிறியிருந்தால் கருநிறத் துணிக்கைகள் கலத்தின் நடுவே சுருங்கி மீன் வெளுக்கிறது. அடி இருண்டிருந்தால் அவை பரவி நிறம் ஆழமாகிறது. பருந்துக்கும் கொக்குக்கும் தப்புவதற்கான ஏற்பாடு இது. இலங்கைக்கே உரிய செரி பார்ப், பிளாக் ரூபி பார்ப் போன்ற மீன்கள் தென்மேற்கின் நிழல் விழும் ஓடைகளில், உக்கிய இலைகள் படிந்த இருண்ட அடியில் வாழ்பவை. வெள்ளைக் கல்லுக்கு மேல் விட்டால் அவை எந்நேரமும் பதற்றத்தோடு மூலையில் நிற்கும். என் தொட்டியிலும் அந்த மணல் இருந்த இரண்டு மாதமும் மீன்களின் நிறம் உண்மையாகவே நன்றாகத்தான் இருந்தது. அதை மறைக்க விருப்பமில்லை.

அதே பலனைக் காசு செலவில்லாமல் பெறலாம். தொட்டியின் பின்பக்கத்திலும் அடிக் கண்ணாடியின் வெளிப்பக்கத்திலும் கறுப்புக் கடதாசி ஒட்டி, கழுவிய ஆற்று மணலை மெல்லிதாகப் பரப்பி, உக்கிய விளாத்தி அல்லது வாதுமை இலைகள் நாலைந்தைப் போட்டால் போதும். கறுப்புத்தான் வேண்டும் என்பவர்கள் கருங்கல் ஆலைத் துகளை அரித்து, நீர் தெளியும்வரை கழுவிப் பாவிக்கலாம். அது கூர் உள்ளது. அடியில் மேய்ந்து திரியும் மீசை மீன்களுக்கு ஆகாது. செடி வளர்ப்பவர்கள் எந்த மணலிலும் சத்து இல்லை என்பதை நினைவில் வைத்து வேரடியில் உரக் குளிசை வைக்கவேண்டும். உலகம் முழுவதும் தொட்டிகளில் வளர்க்கப்படும் கிரிப்டோகொரைன் வென்டிரி இலங்கைக்கே உரிய செடி. அது இந்த ஏற்பாட்டில் நன்றாக வளர்கிறது.

என்னிடம் விற்கப்பட்ட மணல் எப்படி அந்தப் பைக்குள் வந்தது என்று தெரிந்துகொள்ளத் திரும்பவும் கடைக்குப் போனேன். "கொழும்பிலை இருந்து வாறது" என்பதற்கு மேல் பதில் கிடைக்கவில்லை. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள் மற்றும் கனியங்கள் சட்டத்தின்படி கனியங்களை அகழ்வதற்கு மட்டுமல்ல, ஏற்றிச் செல்வதற்கும் விற்பதற்கும்கூட புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும்.

பெரியம்மா குடும்பத்துக்கு அனுமதிப்பத்திரங்களோடு வேறு கணக்கு உண்டு. போர் முடிந்து சில வருடங்களின் பின்னர் ஊர் திரும்பியபோது, கரைவலை இழுத்த பாட்டில் வேறு ஆட்கள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். வளவுக்கான உறுதி இடப்பெயர்வுகளில் ஏதோ ஒன்றில் தொலைந்துபோயிருந்தது. கொக்கிளாய்க் கரையில் கனிய மணல் அகழ்வுக்கென வேலியிடப்பட்ட காணிகளில் தங்களுடையவையும் இருப்பதாக ஊர்ச்சனம் சொல்லி வருகிறது. மன்னார்த் தீவிலும் இல்மனைற் அகழ்வுக்கு எதிராக மக்கள் வீதிக்கு இறங்கியதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு வாடைக்கும் கடல் புதிதாக மணல் கொண்டுவந்து போடும் என்பது புல்மோட்டைக் கரையின் சிறப்பாகச் சொல்லப்படுவது. அது உண்மைதான். வலை இழுக்கும் கரையின் சரிவும், கடலுக்கும் குடிமனைக்கும் இடையில் நிற்கும் மணல் மேடும் அதே வேகத்தில் திரும்பி வருமா என்பதைத்தான் அங்கே இருப்பவர்கள் கேட்கிறார்கள்.

தொட்டியில் இப்போது ஆற்று மணல். பில்டர் நிற்காமல் ஓடுகிறது. கறுப்பு மணல் முழுவதையும் கழுவி, உலர்த்தி, மூடியுள்ள வாளி ஒன்றில் போட்டுக் கிணற்றடியில் வைத்திருக்கிறேன். பதினெட்டுக் கிலோ இருக்கிறது. மல்லிகைச் செடிக்கு அடியில் கொட்டிவிடலாம் என்றேன், பெரியம்மா விடவில்லை.

"கொட்டாதை பிள்ளை. அடுத்த முறை நீ வரேக்கை கொண்டு வா, கரையிலை போட்டுவிடுவம்."

வாளியைப் பஸ்ஸில் கொண்டுபோகலாமா, அதற்கும் அனுமதி எடுக்கவேண்டுமா என்று பணியகத்துக்குத் தொலைபேசியில் கேட்டேன். எழுத்தில் விண்ணப்பிக்கச் சொன்னார்கள்.